கோடு போட்டு வாங்கின மைதானம்: செண்டா பெரென்சனும் எங்கட வலைப்பந்தாட்டமும்

வலைப்பந்தாட்டம் எண்டா முதல்ல கண்ணுக்கு முன்னால வாறது கோடுகள்தான். மைதானத்துக்குக் குறுக்க ரெண்டு கோடு போட்டு மூண்டு பங்காப் பிரிச்சிருக்கும். ரெண்டு பக்கத்துக் கம்பத்துக்கும் முன்னால ஒவ்வொரு அரைவட்டம். நெஞ்சில ஜி.எஸ். எண்டு எழுத்துக் குத்திக்கொண்டு நிக்கிற பிள்ளை தன்ர பங்கை விட்டு வெளியில வர ஏலாது. சென்ரர் எங்கையும் ஓடலாம், அந்த அரைவட்டத்துக்குள்ள மட்டும் கால் வைக்க ஏலாது. பந்தைப் பிடிச்சா 3 செக்கனுக்குள்ள குடுத்திட வேணும். நிலத்தில தட்டித் தட்டிக் கொண்டு ஓடக்கூடாது.

அதே பாடசாலையில பெடியள் பாஸ்கற்போல் விளையாடினா இந்தக் கட்டுப்பாடு ஒண்டும் கிடையாது. அஞ்சு பேரும் முழு மைதானத்திலயும் ஓடலாம். பந்தைத் தட்டிக்கொண்டு ஒருத்தனே இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்குப் போகலாம்.

ரெண்டு விளையாட்டுக்கும் வளையத்தின்ர உயரம் ஒண்டுதான்: 10 அடி, அதாவது 3.05 மீற்றர். அது தற்செயல் இல்லை. ரெண்டும் ஒரே தாயிட்டப் பிறந்த பிள்ளைகள். பிறகு ஏன் ஒண்டுக்கு மட்டும் இத்தனை கோடு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு போனால், 1892ஆம் ஆண்டில் ஒரு பெண்கள் கல்லூரிக்குப் புதிதாக வந்து சேர்ந்த 23 வயது ஆசிரியை ஒருவரிடம் போய் நிற்போம். அவருடைய பெயர் செண்டா பெரென்சன்.

ஓட ஏலாத ஒரு பிள்ளை

பெரென்சன் 1868 மார்ச் மாதம், அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த லித்துவேனியாவில் பூட்ரிமோனிஸ் என்ற சிறு ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1875இல் குடும்பம் அமெரிக்காவுக்குப் போய் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் பொஸ்ரன் நகரில் குடியேறியது. அங்கே போனபிறகுதான் பெரென்சன் என்ற குடும்பப்பெயர் வந்தது. தகப்பன் தெருத்தெருவாகச் சாமான் விற்றுக் குடும்பம் நடத்தினார். பிற்காலத்தில் ஓவிய விமர்சகராகப் பேர் எடுத்த பேர்னாட் பெரென்சன் இவருடைய அண்ணன்.

மசாசூசெற்ஸ் எண்ட பெயர் யாழ்ப்பாணத்துக்குப் புதுசில்லை. 19ஆம் நூற்றாண்டில் எங்கட ஊருக்கு வந்த அமெரிக்க மிஷனை அனுப்பின சபையின் தலைமையகம் பொஸ்ரனில்தான் இருந்தது. மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த டொக்டர் சாமுவேல் கிறீன் பிறந்த வூஸ்ரரும் அதே மாநிலம்தான். 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியதும் அந்த மிஷன்தான். ஆக, பெண்பிள்ளை படிக்கலாமா, படிச்சா என்ன ஆகும், எவ்வளவு தூரம் படிக்கலாம் எண்ட விவாதம் அங்க நடந்த காலத்திலேயே இங்கயும் நடந்துகொண்டு இருந்தது.

சின்ன வயதில் செண்டா நோயாளிப் பிள்ளை. பியானோ கற்க ஆசைப்பட்டு இசைக்கல்லூரியில் சேர்ந்தார். முதுகுவலியால் கனநேரம் இருந்து வாசிக்க முடியவில்லை. அதை விட வேண்டி வந்தது. உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம் என்று யாரோ சொல்ல, 1890இல் பொஸ்ரனில் பெண்களுக்கு உடற்பயிற்சி ஆசிரியப் பயிற்சி கொடுத்த கல்லூரி ஒன்றில் சேர்ந்தார். அங்கே சொல்லிக்கொடுத்தது சுவீடன் நாட்டு லிங் முறை. வரிசையில் நின்று, கட்டளைக்கு ஏற்றபடி கையைக் காலை அசைக்கிற ஒழுங்கான பயிற்சி. முதல் சில மாதம் அவருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பிறகு உடம்பு தேறத் தேறத்தான் பிடித்தது.

இந்த இடம் எனக்கு முக்கியமாப் படுகுது. விளையாட்டு வீராங்கனையா வளர்ந்த ஒருத்தர் பயிற்றுநராக வந்த கதை இல்லை இது. ஓட ஏலாமல் இருந்த ஒருத்தர், ஓடினால் உடம்பு என்னவாகும் எண்டதைத் தன்ர உடம்பிலயே பார்த்துப்போட்டு வந்த கதை.

1892 ஜனவரியில் மசாசூசெற்ஸின் நோர்தாம்ப்ரன் நகரில் இருந்த ஸ்மித் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியை இல்லாமல் போக, தற்காலிகமாக அந்த இடத்துக்குப் போனார். தற்காலிகம் என்று போனவர் 1911 வரை அங்கே இருந்தார்.

30 கிலோமீற்றருக்கு அங்கால ஒரு புது விளையாட்டு

அவர் போய்ச் சேர்வதற்கு ஒரு மாதம் முன்னர்தான், 1891 டிசம்பரில், அதே மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடாக்காரர் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியிருந்தார். நோர்தாம்ப்ரனுக்கும் ஸ்பிரிங்ஃபீல்ட்டுக்கும் இடையில் 30 கிலோமீற்றர் அளவுதான். யாழ்ப்பாணத்தில இருந்து பருத்தித்துறைக்குப் போற தூரம்.

நெய்ஸ்மித்தும் அப்போது புது ஆசிரியர்தான். வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் ஒரு வகுப்பு இருந்தது. குளிர்காலத்தில் வெளியில் விளையாட ஏலாது. உள்ளுக்குள் செய்கிற பயிற்சியில் மாணவருக்குச் சலிப்பு. அவருக்கு முன்னர் அந்த வகுப்பை எடுத்த ரெண்டு பேர் தோற்றுப்போய்க் கைவிட்டிருந்தார்கள். இரண்டு கிழமைக்குள் ஏதாவது புது விளையாட்டுக் கண்டுபிடி என்று மேலதிகாரி சொன்னார். அவர் 13 விதிகளை எழுதினார், பீச் பழக்கூடை இரண்டை மேல்மாடத்து விளிம்பில் அடித்தார், 18 மாணவரை ஒன்பது ஒன்பது பேராகப் பிரித்தார், ஒரு காற்பந்தைக் கையில் கொடுத்தார். அந்த மேல்மாடத்தின் உயரம் 10 அடி. இண்டைக்கு வலைப்பந்தாட்டக் கம்பத்தின் உயரமும் அதுதான் எண்டு சொன்னேனே, அந்த 10 அடி வந்தது இங்க இருந்துதான்.

அந்தக் கல்லூரியில் இருந்து ஆட்டம் ஒரு வழியால் வை.எம்.சி.ஏ.க்கள் ஊடாக உலகம் முழுக்கப் போனது. சென்னையில் 1920இல் வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹரி குரோ பக், ஸ்பிரிங்ஃபீல்ட்டில் படித்தவர். அது ஆண்களின் வழி. பெண்களின் வழி வேற. அது நோர்தாம்ப்ரனால் போனது.

நெய்ஸ்மித் தன்னுடைய புது விளையாட்டைப் பற்றி 1892 ஜனவரியில் கல்லூரிப் பத்திரிகையில் எழுதிய கட்டுரை பெரென்சனின் கையில் கிடைத்தது. வாசித்தார். தன்னுடைய மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்ப்போம் என்று முடிவெடுத்தார்.

படிச்சாலே உடம்பு கெட்டுப்போகும் என்ற காலம்

இண்டைக்கு இதை வாசிச்சா என்ன பெரிய முடிவு எண்டு தோன்றலாம். அந்தக் காலத்தை யோசிச்சுப் பாருங்கோ. பொஸ்ரனில் எட்வேர்ட் கிளார்க் என்ற மருத்துவர் 1873இல் ஒரு புத்தகம் எழுதினார். பெண்பிள்ளைகள் ஆண்களைப்போல மூளையைப் பாவித்துப் படித்தால் அவர்களுடைய பிள்ளை பெறும் ஆற்றல் கெட்டுப்போகும் என்பது அவருடைய வாதம். எழுதினவர் சும்மா ஒரு ஆள் இல்லை, ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிப்பித்தவர். அந்தப் புத்தகம் பல பதிப்பு ஓடியது. அது வந்து இரண்டு வருசத்துக்குப் பிறகுதான், 1875இல், ஸ்மித் கல்லூரி திறக்கப்பட்டது. அப்ப பெண்கள் கல்லூரிகளுக்கு ஒரு கட்டாயம் இருந்தது: எங்கட பிள்ளைகள் படிச்சும் சுகமாத்தான் இருக்கினம் எண்டு ஊருக்குக் காட்ட வேணும். உடற்பயிற்சி வகுப்பு வந்ததே அதுக்காகத்தான்.

அதாவது, பெண்ணின் உடம்பைப் பற்றி மற்றவைக்கு இருந்த பயம்தான் பெரென்சனுக்கு வேலை குடுத்தது. அதே பயம்தான் அவருக்கு எல்லையும் போட்டது. மாணவிகள் ஓடி விழுந்து காயப்பட்டால், சண்டைபிடித்தால், ஆம்பிளை மாதிரி நடக்கினம் எண்டு கதை வந்தால், விளையாட்டு மட்டுமில்லை, வகுப்பே போயிடும்.

1893 மார்ச்சில் முதல் போட்டி நடந்தது. முதலாம் வருச மாணவிகளுக்கும் இரண்டாம் வருச மாணவிகளுக்கும் இடையில். ஆண்கள் உள்ளே வரக்கூடாது. விளையாடினவர்கள் பாவாடை இல்லாமல், முழங்காலுக்குக் கீழே கட்டின பெரிய காற்சட்டை போட்டிருந்தார்கள். ஆண் பார்வையாளரை மறித்ததற்கு அதுவும் ஒரு காரணம். மண்டபம் முழுக்க வகுப்புகளின் நிறத்தில் அலங்காரம். கத்தி ஆரவாரம் செய்வது பெண்களுக்கு அழகில்லை என்பதால் மாணவிகள் பாட்டுப்பாடி உற்சாகப்படுத்தினார்கள்.

பந்தை மேலே எறிந்து ஆட்டத்தைத் தொடக்கிய அந்தக் கணமே ஒரு விபத்து. முதலாம் வருச அணியின் நடு ஆட்டக்காரிக்குத் தோள்மூட்டு விலகிவிட்டது. ஒரு வருசமாகக் கட்டியெழுப்பின வேலை, முதல் செக்கனில், எல்லாரும் பயந்தபடியே ஆகிவிட்டது. அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் மூட்டைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். இன்னொரு பிள்ளையை இறக்கினார்கள். ஆட்டம் தொடர்ந்தது. இரண்டாம் வருச மாணவிகள் 5-4 என்று வென்றார்கள்.

வரலாற்றுப் புத்தகங்களில் இந்தப் போட்டி பெண்கள் கூடைப்பந்தாட்டத்தின்ர தொடக்கம் எண்டு ஒரு வரியில வரும். எனக்கு அதில பெரிசாத் தெரியிறது அந்த இடைவெளிதான்: தோள்மூட்டு விலகினதுக்கும் ஆட்டம் திரும்பத் தொடங்கினதுக்கும் இடையில இருந்த கொஞ்ச நேரம். அந்த நேரத்தில, சரி பிள்ளையள், இண்டைக்குக் காணும், எல்லாரும் அறைக்குப் போங்கோ எண்டு சொல்லியிருந்தா அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டினம்.

கோடுகளின் விலை

பெரென்சன் நெய்ஸ்மித்தின் விதிகளை அப்படியே வைத்திருக்கவில்லை. மாணவிகளை விளையாடவிட்டுப் பார்த்துப் பார்த்து மாற்றினார். மைதானத்தை மூன்றாகப் பிரித்தார். ஒருத்தி தன்னுடைய பங்கை விட்டு வெளியே போகக்கூடாது. மற்றவளின் கையில் இருக்கிற பந்தைப் பறிக்கக்கூடாது. 3 செக்கனுக்கு மேல் பந்தை வைத்திருக்கக்கூடாது. மூன்று தடவைக்கு மேல் நிலத்தில் தட்டக்கூடாது.

இதுக்கு அவர் சொன்ன காரணம் ரெண்டு வகை. ஒண்டு, காலத்தின்ர பயம்: அளவுக்கு மிஞ்சி ஓடிக் களைக்கக்கூடாது, முரட்டுத்தனம் கூடாது. மற்றது, ஒரு பயிற்றுநரின்ர யோசனை: கெட்டிக்காரி ஒருத்தி முழு மைதானத்திலயும் ஓடி எல்லாப் பந்தையும் தானே போட்டால், மிச்சப் பிள்ளையள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிப்பினம். மைதானத்தைப் பிரிச்சா பந்து கட்டாயம் கைமாற வேணும். பலவீனமான பிள்ளைக்கும் பந்து வந்தே ஆகும். நோயாளியா வளர்ந்த ஒருத்தருக்கு அந்தப் பிள்ளை கண்ணில பட்டிருக்கிறதில ஆச்சரியம் இல்லை.

இந்த விளையாட்டு மற்றக் கல்லூரிகளுக்கும் காட்டுத்தீ மாதிரிப் பரவியது. ஆளுக்கொரு விதி. நியூ ஒர்லீன்ஸ் நகரில் கிளாரா பேர் என்ற ஆசிரியை 1895இல் தன்னுடைய விதிகளை வெளியிட்டார். அவரைப் பற்றி ஒரு கதை சொல்லுவார்கள்: ஆட்டக்காரர் நிற்க நல்ல இடங்களைக் காட்டி நெய்ஸ்மித் படத்தில் போட்டிருந்த கோடுகளை, தாண்டக்கூடாத எல்லைகள் என்று அவர் விளங்கிக்கொண்டாராம். 1896 ஏப்ரலில் கலிபோர்னியாவில் ஸ்ரான்ஃபோர்ட், பேர்க்லி பல்கலைக்கழகப் பெண்கள் தங்களுக்குள் விளையாடினார்கள். ஸ்ரான்ஃபோர்ட் 2-1 என்று வென்றது. பெண்களில் இரண்டு பல்கலைக்கழகங்கள் மோதிய முதல் போட்டி அது. சில வருசத்துக்குள்ளேயே ஸ்ரான்ஃபோர்ட் நிர்வாகம் பெண்கள் வெளியாருடன் போட்டி போடுவதை நிற்பாட்டிவிட்டது.

இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுத்த விதிகளை ஒன்றாக்க 1899இல் ஒரு குழு கூடியது. 1901இல் பெண்களுக்கான பொது விதிப்புத்தகம் வெளிவந்தது. பதிப்பாசிரியர் பெரென்சன். 1905 முதல் 1917 வரை அந்த விதிக்குழுவின் தலைவரும் அவர்தான்.

இங்கதான் அவரைப் பற்றி எனக்குச் சிக்கல் வருது. கோடு போட்டபடியால்தான் அந்த விளையாட்டு தப்பிப் பிழைச்சது, அது உண்மை. ஆனால் அவர் இன்னொண்டையும் பிடிவாதமா வைச்சிருந்தார்: கல்லூரிக்கு வெளியில போட்டி வேண்டாம். ஸ்மித் மாணவிகள் தங்களுக்குள்ள, வகுப்புக்கு வகுப்புத்தான் விளையாடினவை. ஆண்களின்ர போட்டிகளில காசும் வெறியும் கலந்ததைப் பார்த்து அவருக்கு வந்த வெறுப்பு அது. வெறுப்பு நியாயமானதா இருக்கலாம். அதன் பலன் நியாயமா இருக்கவில்லை. அவருக்குப் பிறகு வந்த பெண் உடற்கல்வியாளர் பலர் அதே வழியில போய், பல பத்தாண்டுக்கு அமெரிக்கக் கல்லூரிப் பெண்களைப் பெரிய போட்டிகளில இருந்து தள்ளியே வைச்சிருந்தினம்.

கோடும் லேசில போகவில்லை. 1938இல் மூன்று பங்கு இரண்டாகக் குறைந்தது. முழு மைதானத்திலும் ஓடலாம், அணிக்கு ஐந்து பேர் என்ற ஆண்களின் முறை கல்லூரிப் பெண்களுக்கு வந்தது 1971இல். அயோவா மாநிலத்துப் பாடசாலைகளில் பாதி மைதான ஆட்டம் 1993 வரை இருந்தது.

கோடு அழிந்த அந்தக் காலத்தில் இன்னொரு புதுப் பயிற்றுநர். பென்சில்வேனியாவில் இம்மாகுலாற்றா என்ற சின்னக் கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரிக்கு 1970இல் கதி ரஷ் வந்து சேர்ந்தார். வயது இருபதுகளின் தொடக்கம். சம்பளம் ஒரு பருவத்துக்கு 450 டொலர். கல்லூரியின் உள்ளக விளையாட்டரங்கு தீயில் எரிந்துபோயிருந்தது. அந்த அணி 1972, 1973, 1974 என்று மூன்று வருசம் தொடர்ந்து தேசியச் சம்பியன். கட்டடம் இல்லாட்டியும் பரவாயில்லை, ஆள் இருக்க வேணும், போட்டி இருக்க வேணும் எண்டதுக்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. பெரென்சன் ஆளைத் தந்தார், போட்டியைத் தரவில்லை.

கோடு இலங்கைக்கு வந்த கதை

இனி எங்கட பக்கம் வருவம். லண்டனில் மார்ட்டினா பேர்க்மன் ஓஸ்டர்பேர்க் என்ற சுவீடன்காரி, பெண்களுக்கு உடற்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டிருந்தார். அவரும் லிங் முறையில் வந்தவர். 1890களில் அமெரிக்காவில் இருந்து வந்தவர்கள் அங்கே கூடைப்பந்தாட்டத்தைக் காட்டினார்கள். அந்தக் கல்லூரிப் பெண்கள் அதைத் தங்கட வசதிக்கு மாற்றினார்கள். கூடைக்குப் பதில் வலை கட்டின வளையம் வந்தது. மைதானத்தை மூன்றாகப் பிரிக்கிற முறை தங்கியது. பந்தைத் தட்டுவது போனது. 1901இல் அங்கேயும் விதிப்புத்தகம் அச்சானது. அதே வருசம் அமெரிக்காவில் பெரென்சனின் புத்தகம். ஒரே விளையாட்டு ரெண்டு பேரோட ரெண்டு பக்கம் போன வருசம் 1901 எண்டு வைச்சுக்கொள்ளலாம்.

வலைப்பந்தாட்டம் பிரித்தானியப் பேரரசின் நாடுகளுக்குப் பாடசாலைகள் வழியாகப் பரவியது. காற்பந்தும் கிரிக்கெற்றும் ஆண்களுக்கு, வலைப்பந்தாட்டம் பெண்களுக்கு. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரைக்கும் இதைப் பெண்கள் கூடைப்பந்தாட்டம் என்றுதான் சொன்னார்கள். நாட்டுக்கு நாடு விதியும் வேறு. ஓரிடத்தில் ஏழு பேர், இன்னோரிடத்தில் ஒன்பது பேர்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1960இல் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகிய நாடுகளின் பெண் பிரதிநிதிகள் ஒன்றுகூடினார்கள். எங்கே தெரியுமோ? இலங்கையில். உலகம் முழுக்க இண்டைக்கு ஆடுற வலைப்பந்தாட்டத்துக்குப் பொது விதியும் சர்வதேச அமைப்பும் உருவானது இந்தத் தீவில்தான். மூன்று வருசம் கழித்து 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போர்னில் முதல் உலகப் போட்டி நடந்தது. இலங்கை அணியும் அதில் ஆடியது. எங்கட பாடசாலைப் புத்தகத்தில இந்த 1960ஐ பற்றி ஒரு வரி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்.

ஒண்டைக் கவனிக்க வேணும். அமெரிக்காவில கோடு ஒரு தடையா இருந்து கடைசியில அழிஞ்சது. வலைப்பந்தாட்டத்தில அதே கோடுதான் விளையாட்டின்ர இலக்கணமா மாறிச்சு. இப்ப வலைப்பந்தாட்டக்காரியிட்டப் போய், பாவம், உங்களை ஓட விடீனம் இல்லை எண்டு சொன்னாச் சிரிப்பா. ஓடுற இடம் குறைஞ்சபடியால்தான் பந்து வேகமாக் கைமாறுது, எதிராளிக்கு முன்னால ஒரு எட்டு வைச்சு இடம் பிடிக்கிற நுட்பம் வளர்ந்தது. விதியை எழுதினதும் பெண்கள், மாத்தினதும் பெண்கள், நடுவரும் பெண்கள். அடக்கிறதுக்குப் போட்ட கோடு எண்டு அதை ஒரேயடியாத் தள்ளிவிட ஏலாது.

புத்தூருக்கு மேற்கே

புத்தூரில இருந்து மேற்குப் பக்கம், சைக்கிளில போகக்கூடிய தூரத்தில புன்னாலைக்கட்டுவன் இருக்கு. அங்க ஈவினை எண்ட இடத்தில பிறந்தவர் தர்ஜினி சிவலிங்கம். உயரம் 208 சென்ரிமீற்றர். 2009இல் ஆசியச் சம்பியனான இலங்கை அணியில் ஆடியவர். அதுக்குப் பிறகு ஒன்பது வருசம் இலங்கைக்கு அந்தக் கிண்ணம் கிடைக்கவில்லை. 2018இல் சிங்கப்பூரில் திரும்பக் கிடைத்தபோது அவரும் திரும்ப அணிக்கு வந்திருந்தார். 2019இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல் போட்டார். அந்தத் தொடரில் வேறு எந்த நாட்டுக்காரியும் அவ்வளவு போடவில்லை.

கணக்கைப் பாருங்கோ. வளையம் 305 சென்ரிமீற்றரில. தர்ஜினியின்ர உச்சந்தலைக்கும் வளையத்துக்கும் இடையில ஒரு மீற்றர்கூட இல்லை. வலைப்பந்தாட்டத்தில ஜி.எஸ்.சின் வேலை வட்டத்துக்குள்ள நிண்டு பந்தைப் பிடிச்சுப் போடுறது. முழு மைதானத்திலயும் மேல கீழ ஓடித் திரிய வேண்டியதில்லை. உயரமான பிள்ளைக்கு அந்தக் கோடு வேலி இல்லை, அது அவளுக்கெண்டு ஒதுக்கின இடம். ஸ்மித் கல்லூரியில 1890களில, எல்லாருக்கும் ஒரு இடம் இருக்க வேணும் எண்டு யோசிச்சுப் போட்ட கோடு, நூறு வருசத்துக்கு மேல கழிச்சு வலிகாமத்துப் பிள்ளை ஒருத்திக்கு உலக மைதானத்தில இடம் பிடிச்சுக் குடுத்திருக்கு.

ஆனால் அதே 2019 உலகக் கிண்ணத்தில 16 அணிகளில இலங்கை 15ஆவது இடம். ஆகக்கூடக் கோல் போட்ட ஆள் எங்கட அணியில, கடைசிக்கு முதல் இடத்தில எங்கட அணி. ஒரு கெட்டிக்காரியை நம்பினா மிச்சப் பேர் என்ன ஆவினம் எண்டு பெரென்சன் பயந்தாரே, அந்தப் பயம் இங்க வேற உருவத்தில நிக்குது. பிழை தர்ஜினியில இல்லை. அவருக்குப் பந்தை எறியிற பிள்ளைகளை, அவருக்குப் பிறகு அந்த வட்டத்துக்குள்ள நிக்கப்போற பிள்ளைகளை வருசா வருசம் உருவாக்கிற ஏற்பாடு இருக்கோ எண்டதுதான் கேள்வி.

எங்கட பாடசாலைகளில நடக்கிறது எல்லாருக்கும் தெரியும். கோட்டமட்டம், வலயமட்டம் எண்டு போட்டி வந்தா ஒரு மாதத்துக்கு முன்னால அவசரமாப் பழக்குவினம். தோத்தா அந்த வருசத்துக்கு அவ்வளவுதான். நல்லாப் பழக்கின ரீச்சருக்கு இடமாற்றம் வந்தா அணியும் அவவோட போயிடும். பின்னேரப் பயிற்சியை ரியூசன் விழுங்கும். இருட்ட முதல் வீட்ட வா எண்டு அம்மா சொல்லுவா, றோட்டில லைற் இல்லாத ஊரில அம்மாவிலயும் பிழை சொல்ல ஏலாது. ஓ.எல். முடிஞ்சா, பெரிய பிள்ளை ஆகிட்டாய், இனி என்ன துள்ளல் எண்டு ஒரு கதை. 1873இல பொஸ்ரன் டொக்டர் சொன்னதுக்கும் இதுக்கும் இடையில வசனம்தான் வேற.

அதால பெரென்சனின்ர கதையில இருந்து எடுக்க வேண்டியது என்ன எண்டு கேட்டா, நான் ரெண்டு விசயம் சொல்லுவன்.

முதலாவது, அவர் அங்க இருந்த 19 வருசம். விதியை எழுதினது, குழுவுக்குத் தலைமை தாங்கினது எல்லாம் அதுக்குள்ள வந்தது. வாள்வீச்சும் ஹொக்கியும் அந்தக் கல்லூரிக்கு வந்தது அதே காலத்தில். ஒரே இடத்தில ஒருத்தர் இருந்தால்தான், முதலாம் வருசம் பந்து பிடிக்கத் தெரியாமல் வந்த பிள்ளை நாலாம் வருசம் புதுப் பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்கிறதைப் பார்க்க ஏலும். எங்களுக்குத் தேவை வெளியில இருந்து ஒரு நாள் வந்து பட்டறை நடத்திப்போட்டுப் போற பிரபலம் இல்லை. புத்தூரிலயோ அச்சுவேலியிலயோ ஒரு மைதானத்தில, தோத்த வருசத்துக்கு அடுத்த நாளும் பந்தோட வந்து நிக்கிற ஒரு ரீச்சர். அப்படி நிக்கிற ரீச்சர்மார் இருக்கினம். அவைக்குப் பக்கத்தில நிக்கிற ஊர் வேணும்.

ரெண்டாவது, ஒவ்வொரு விட்டுக்கொடுப்புக்கும் ஒரு காலாவதி இருக்க வேணும். 1892இல பிள்ளைகளை மைதானத்துக்குக் கொண்டுவரக் கோடு தேவைப்பட்டது, ஆண்களை வெளியில விட்டுக் கதவைப் பூட்ட வேண்டியிருந்தது. ஆனால் வெளியாரோட போட்டி வேண்டாம் எண்ட அந்த ஒரு விட்டுக்கொடுப்பைக் காலம் மாறின பிறகும் பிடிச்சுக்கொண்டு இருந்தது பல தலைமுறைக்குக் கதவைச் சாத்திச்சு. இண்டைக்கு எங்கட ரீச்சர்மாரும் பேரம் பேசித்தான் பிள்ளைகளைக் கூட்டி வருகினம்: காற்சட்டைக்கு மேல பாவாடை போடலாம், அஞ்சு மணிக்குள்ள விடுறம், ஆம்பிளை மாஸ்ரர் இல்லை. பிள்ளை மைதானத்துக்கு வர வேணும் எண்டா இதெல்லாம் சரி. ஆனால் அடுத்த வருசம் அதில ஒண்டையாவது தளர்த்த ஏலுமோ எண்டு திரும்பக் கேக்க வேணும்.

பெரென்சன் 1911இல் ஸ்மித் கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்த பேராசிரியர் ஒருவரைக் கலியாணம் செய்து அந்த வேலையை விட்டார். 1954இல் கலிபோர்னியாவில் காலமானார். 1985இல், நெய்ஸ்மித்தின் பெயரில் ஸ்பிரிங்ஃபீல்ட்டில் இருக்கிற கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்தில் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தபோது அவரையும் சேர்த்தார்கள். இவ்வளவும் எங்களுக்குத் தெரிய வந்ததுக்குக் காரணம், அந்தக் கல்லூரி அவருடைய கடிதங்களையும் குறிப்புகளையும் படங்களையும் பத்திரமா வைச்சிருந்ததுதான்.

எங்கட பக்கத்தில அந்த வேலையை நாங்களே செய்யலாம். வீட்டில அம்மா, அம்மம்மா, சித்தி, பக்கத்து வீட்டு ரீச்சர் எண்டு யாராவது ஒருத்தர் கட்டாயம் வலைப்பந்தாட்டம் விளையாடி இருப்பினம். எந்தப் பாடசாலை, எந்த வருசம், நெஞ்சில என்ன எழுத்து, ஆர் பழக்கினது, ஏன் விட்டவை எண்டு கேட்டு எழுதி வையுங்கோ. கடைசிக் கேள்வியை மறக்காமல் கேளுங்கோ.